யோகர் சுவாமி யோகாசனம் கற்றுக்கொடுத்தவரா?

இல்லை. பெயரைப் பார்த்து பலரும் அப்படி நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஞானியான அவர் காட்டிய யோகம் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் அல்ல, ‘சும்மா இரு’, அதாவது மனம் அடங்கி இரு என்பதுதான்.

1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்தவர். கிளிநொச்சிப் பக்கம் இரணைமடுக் குளத்து வேலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தார். நல்லூர்த் தேரடியில் ஊரார் விசரன் (பைத்தியக்காரன்) என்று ஒதுக்கிய செல்லப்பா சுவாமிதான் அவருடைய குரு. வேலையை விட்டு அவர் பின்னால் போனார். அப்புறம் கொழும்புத்துறையில் ஒரு இலுப்பை மரத்தடி, பிறகு சின்னக் கொட்டில், அவ்வளவுதான் அவருடைய ஆச்சிரமம். தேடிப் போனவர்களில் சிலர் ஏச்சும் வாங்கித் திரும்பினார்கள்!

குருவிடம் கேட்டு அவர் பரப்பிய நான்கு வாக்கியங்கள்: ஒரு பொல்லாப்பும் இல்லை, எப்பவோ முடிந்த காரியம், நாம் அறியோம், முழுதும் உண்மை. எங்கள் அம்மம்மா சட்டி உடைந்தாலும் முதலாவதைச் சொல்லிக்கொண்டுதான் ஓடுகளைப் பொறுக்குவா. அந்த வாக்கியங்கள் எங்கள் வீடுகளில் இன்னமும் இப்படித்தான் புழங்குகின்றன.

1935இல் ‘சிவதொண்டன்’ இதழ் தொடங்கியது. வண்ணார்பண்ணையில் சிவதொண்டன் நிலையம் இருக்கிறது. 1964 மார்ச்சில் சமாதியானார். அவர் பாடிய நற்சிந்தனைப் பாடல்களை அந்த நிலையத்துக்குப் போய் ஒருமுறை கேளுங்கள்.