பம்பிங் 32 சதவீதம்: அப்பா நடக்கலாமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் யாங்கோன் தாம்வேயில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. அப்பாவுக்கு வயது 63. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹார்ட் அட்டாக் வந்தது. எக்கோ ஸ்கேனில் பம்பிங், அதாவது இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 32 சதவீதம்தான். பார்க்கிற டாக்டர் தினமும் நடக்கச் சொல்கிறார். பெரியம்மாவோ, "இருக்கிற தெம்பையும் நடந்தே தீர்த்துடப் போறாரு, பேசாம படுக்கச் சொல்லு" என்கிறார். நடந்தால் இதயத்தின் செல்லுக்குள்ளேயே மாற்றம் வரும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பெரியம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களே இதைத்தான் சொன்னார்கள்.

செல்லுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். இதயத் தசை சுருங்கக் கால்சியம் வேண்டும். செல்லுக்குள் இருக்கும் கிடங்கிலிருந்து அது வெளியே கொட்டும்போது தசை சுருங்குகிறது. திரும்பக் கிடங்குக்குள் அள்ளிப் போட்டால்தான் தளர்கிறது. அள்ளிப் போடும் புரதத்துக்கு செர்கா என்று பெயர். தளர்ந்துபோன இதயத்தில் செர்கா குறைந்துவிடும், கிடங்கின் கதவும் கசியும். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம் தாத்தாமாருக்கு இது சட்டென்று புரிந்திருக்கும்: இறக்க நூறு ஆள், திரும்ப ஏற்றப் பத்தே ஆள் என்றால் சரக்கெல்லாம் கரையில் கிடக்கும், கிடங்கு காலி. தசை முழுதாகத் தளராது. அடுத்த துடிப்புக்கு வேண்டிய கால்சியமும் உள்ளே இருக்காது.

மாரடைப்பு உண்டாக்கிய எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தபோது செர்கா கூடியது, செல்கள் நன்றாகச் சுருங்கித் தளர்ந்தன. செல்லுக்கு எரிசக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவும் தேறியது. ஆனால் இது எலிக்கதை. உங்கள் அப்பாவின் இதயத்திலிருந்து மாதாமாதம் துண்டு வெட்டிப் பார்க்க யார் விடுவார்கள்?

மனிதர்களிடம் தெளிவாகத் தெரிந்தது வேறு இடத்தில், காலில். தொடைத் தசையில் ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இதய நோயாளியின் காலில் மர்ஃப்-1 என்ற புரதம் கூடித் தசையை உடைக்க வைக்கிறது. பயிற்சி அதைக் குறைக்கிறது, அழற்சியும் தணிகிறது. ரத்தக்குழாய் சுவர் நைட்ரிக் ஆக்சைடை அதிகம் சுரந்து விரிந்து கொடுக்கிறது. இதயத்தை ஓயாமல் விரட்டும் நரம்புகளும் அடங்குகின்றன. மாடி ஏறும்போது அப்பாவுக்கு வாங்கும் மூச்சில் காலுக்கும் பெரிய பங்கு உண்டு. படுத்தே இருந்தால் அது இன்னும் கெடும்.

அதற்காக இது மாயமருந்து இல்லை. பயிற்சியைச் சோதித்து 2009-இல் வெளிவந்த எச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வில், பம்பிங் 35 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த 2,331 பேர் சேர்ந்தார்கள். மரணமும் ஆஸ்பத்திரி சேர்க்கையும் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் பயிற்சியால் ஆபத்து கூடவில்லை. நடக்கும் தெம்பும் அன்றாட வாழ்க்கையும் ஓரளவு மேம்பட்டன. அடுத்த எக்கோவில் எண் ஏறாவிட்டாலும் மனம் விட வேண்டாம்.

சரி, எப்படி ஆரம்பிப்பது? சித்திரை வெயிலுக்கு முன்னால் விடியற்காலையில், கண்டோஜி ஏரிப் பக்கம், சமதரையில் பத்து நிமிஷம். பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் நாடியை எண்ணி அளவு பார்க்க முடியாது. அது துடிப்பை அடக்கி வைத்திருக்கும். பெரியம்மாவையே துணைக்கு அனுப்புங்கள். அவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி, பேச்சு அறுந்தால் நிற்க வேண்டும். ஒத்துக்கொண்டால் வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம் கூட்டலாம். நிறுத்திவிட்டால் கிடைத்த பலனும் சில வாரங்களில் கரையும்.

நெஞ்சுவலி, மயக்கம், தாறுமாறான துடிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ நடையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். எடை ஏறினால் முந்தின நாள் சாப்பாட்டையும் யோசியுங்கள். ஙப்பி என்கிற மீன் விழுதில் இருக்கும் உப்பு கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம், முதல் மாதம் மாடிப்படி ஏறுவதைப் பயிற்சியில் சேர்க்காதீர்கள். ஒரு நாளில் ஒரு தரம் இறங்கி ஏறினால் போதும். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வையுங்கள்.