டோக்கியோல சொந்த பீர் காய்ச்சி பார் தொறக்கணும், சென்னை ஃப்ளாட்ட விக்கலாமா?

கேள்வி: நிஷி-கசாய்ல இருக்கேன் சார், ஐடி வேலை, ஜப்பான் வந்து 9 வருஷம் ஆச்சு. சேமிப்பு 1.2 கோடி யென். வேலைய விட்டுட்டு சின்னதா ஒரு பார், அங்கயே சொந்த பீர். வீட்ல 20 லிட்டர் பக்கெட்ல போட்டு பாத்தேன், நல்லாவே வந்துச்சு. பணம் பத்தலன்னா பெரும்பாக்கம் ஃப்ளாட்ட வித்துடட்டுமா?

பதில்: தம்பி, மொதல்ல அந்த பக்கெட்ட சிங்க்ல கொட்டுங்க. அங்க லைசென்ஸ் இல்லாம 1 சதவீதமோ அதுக்கு மேலயோ ஆல்கஹால் வர்ற எதையும் வீட்ல காய்ச்சுறது குற்றம், சட்டத்துல 10 வருஷம் வரைக்கும் ஜெயில்னு இருக்கு. அவ்ளோ தூரம் போகாதுதான், ஆனா உங்களுக்கு இப்ப தேவை கேஸ் கீஸ் எதுவும் இல்லாத பேரு. ஏன்னு சொல்றேன்.

இப்ப இருக்குற விசால வேலைய விட்டுட்டு பார் நடத்த முடியாது, பிசினஸ் மேனேஜர் விசா வேணும், அதுக்கு முன்னெல்லாம் 50 லட்சம் யென் மூலதனம் காட்டுனா போதும்னு இருந்துச்சு, 2025 அக்டோபர் 16ல இருந்து 3 கோடி ஆக்கிட்டாங்க, கூடவே ஒரு ஃபுல்டைம் ஆளு, அது இதுன்னு ஏகப்பட்ட கண்டிஷன். ஆனா பிஆர், அதாவது நிரந்தரமா தங்குற உரிமை, கிடைச்சிட்டா இந்த 3 கோடி பேச்சே கிடையாது! பொதுவா 10 வருஷம் கேப்பாங்க, நீங்க 9 முடிச்சிட்டு வாசல்ல நிக்கிறீங்க. படிப்பு, சம்பளம், அனுபவம்னு பாத்து போடுற பாயிண்ட்ஸ் கணக்குல 70 வந்தா 3 வருஷமே போதும், அதையும் போட்டு பாருங்க. டேக்ஸ், பென்ஷன் எதுவும் லேட்டாகாம கட்டுங்க, பிஆர் கையில வர்ற வரைக்கும் ராஜினாமா பேச்சே எடுக்காதீங்க.

சரி, பீருக்கு வருவோம். லைசென்ஸ் குடுக்கறது டேக்ஸ் ஆபீஸ். பீர் லைசென்ஸ்னா வருஷத்துக்கு குறைஞ்சது 60,000 லிட்டர் காய்ச்சணும், 300 நாள் கடை தொறந்தா தினம் 200 லிட்டர், 350 மில்லி கிளாஸ்னா கிட்டத்தட்ட 570 கிளாஸ், பத்து சீட் கடையில யாரு குடிக்கிறது? அதனால சின்ன கடைக்காரங்க ஹப்போஷுங்கற, பீர் மாதிரியான மதுவுக்கு லைசென்ஸ் எடுப்பாங்க, அதுக்கு 6,000 லிட்டர் போதும், தினம் 57 கிளாஸ். மால்ட் (முளைகட்டுன பார்லி) எடையில 5 சதவீதத்துக்கு மேல பழமோ மசாலாவோ போட்டா சட்டப்படி அது பீர் இல்ல, ஹப்போஷு. நம்ம ஏலக்காய், கொத்தமல்லி விதை எல்லாம் இங்க கைகொடுக்கும் பாருங்க.

சிக்கல் என்னன்னா அப்ளிகேஷன் பரிசீலனைக்கே சுமார் 4 மாசம், இடத்த காட்டித்தான் அப்ளை பண்ணணும், அதுவரைக்கும் வாடகை சும்மா ஓடும். வித்த பீருக்கு மதுவரி வேற. அதனால மொத வருஷம் அடுத்தவங்க பீர வாங்கி வித்து பாருங்க, தினம் 57 கிளாஸ் போகுதான்னு எண்ணுங்க, போனா அப்புறம் டேங்க் வாங்கலாம்.

ஃப்ளாட்ட தொடாதீங்க. நீங்க என்ஆர்ஐங்கறதால வாங்குறவர் டிடிஎஸ் புடிச்சிட்டுதான் குடுப்பாரு, லாபத்துக்கு இந்தியால 12.5 சதவீதம், அது போக அங்க 5 வருஷத்துக்கு மேல இருக்கறதால ஜப்பான்லயும் இந்த லாபத்த கணக்கு காட்டணும், இங்க கட்டுனத அங்க கழிச்சிக்கலாம், ஆனா அலைச்சல் உங்களுக்குத்தான். 1.2 கோடில 2 வருஷ குடும்ப செலவ தனியா எடுத்து வச்சிட்டு மிச்சம் எவ்ளோன்னு எழுதுங்க, கடை சைஸ அத வச்சு முடிவு பண்ணலாம்.