கேளுங்கள், சொல்கிறோம்: டுப்ரோவ்னிக் கடலில் ஒரு நாள் பாய்மரப் பயணம்

குரோஷியாவின் டுப்ரோவ்னிக் நகருக்குப் போகிறவர்கள், குடும்பத்துக்கென்று தனியாகப் பாய்மரப் படகு எடுப்பது பற்றிக் கேட்டிருந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டோம்.

கே: எங்களுக்கு ஒரு நாள்தான் இருக்கிறது. வடமேற்கில் உள்ள எலாஃபித்தி தீவுகளுக்குப் போவதா, தென்கிழக்கில் உள்ள ட்சவ்தாத் ஊருக்குப் போவதா? முகவர் இரண்டும் ஒன்றுதான் என்கிறார். (வாசகி, கோவை)

ப: வாடகை ஒன்றாக இருக்கலாம், காற்று ஒன்றல்ல. கோடையில் அந்தக் கரையில் மயெஸ்திரால் என்ற கடற்காற்று வடமேற்கிலிருந்து வீசும். காலை பத்து, பதினொரு மணிக்குத் தொடங்கி, பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை உச்சத்தில் இருந்து, சூரியன் சாயும்போது அடங்கிவிடும். நிலம் சூடேறி மேலே எழும் காற்றின் இடத்தைப் பிடிக்கக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது, அவ்வளவுதான். வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் இதை நம்பித் திட்டம் போடலாம்.

இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். டுப்ரோவ்னிக்கின் க்ரூஷ் துறைமுகத்திலிருந்து கொலோச்செப் தீவு சுமார் 4 கடல் மைல், லோபுத் 6 முதல் 7, ஷிபான் தீவின் சுஜுராஜ் துறை 8 முதல் 9. எல்லாமே வடமேற்கில். காலை எட்டரைக்குக் கிளம்பினால் கடல் தட்டையாக இருக்கும். எஞ்சினில் 5.5 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் லோபுத் வந்துவிடும். குளித்து, சாப்பிட்டு, இரண்டரை மணிக்குப் பாயை விரித்தால் காற்று முதுகுப் பக்கம் இருக்கும். படகு அதிகம் சாயாது, நீர் தெறிக்காது, குழந்தைகளும் பெரியவர்களும் நிம்மதியாக உட்காரலாம். ட்சவ்தாத் போனால் இதெல்லாம் தலைகீழ். போகும்போது காற்று இருக்காது. திரும்பும்போது, எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில், முழுக் காற்றும் முகத்தில் அடிக்கும்.

படகு கொமோலாட்ஸ் மரினாவிலிருந்து புறப்படுகிறதா, க்ரூஷிலிருந்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொமோலாட்ஸ் என்றால் ஒம்ப்லா ஆற்று முகத்தில், அதன் குறுக்கே உள்ள பாலத்துக்கும் உள்ளே இருக்கிறது. போக வர ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும்.

கே: பாய்மரப் படகு என்று காசு வாங்கிக்கொண்டு, பாதித் தூரம் எஞ்சினில் ஓட்டினார்கள் என்று என் நண்பர் புலம்பினார். இது ஏமாற்று வேலையா? (வாசகர், ஈப்போ)

ப: காலையில் எஞ்சின் போட்டிருந்தால் ஏமாற்று இல்லை. எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேர் எதிரே போகாது. சாதாரண வாடகைப் படகு காற்றுக்கு 45 பாகை வரைதான் நெருங்கும். அதனால் வலமும் இடமுமாக மாறி மாறி வளைந்து போக வேண்டும். 7 மைல் தூரம் 10 மைல் ஆகிவிடும். அதுவும் 15, 20 பாகை சாய்ந்தபடி. சிலருக்கு அதுதான் இன்பம். அப்படியென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், தாமதமாகக் கிளம்பி ஒரு தீவு மட்டும் போய்வரலாம்.

பிற்பகலில் 12 நாட் காற்று பின்னாலிருந்து வீசும்போதும் பாயை விரிக்காமல் எஞ்சினிலேயே ஓட்டினால், அப்போது கேளுங்கள். பாயை விரித்து மடக்கும் வேலைக்குச் சோம்பல்பட்டு, சீக்கிரம் துறை சேர நினைக்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. முன்பதிவின்போதே ‘காற்று 8 நாட்டுக்கு மேல் இருந்தால் திரும்பும் வழி பாயில்’ என்று எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

கே: ஒப்பந்தத்தில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? நாமே ஓட்ட முடியுமா? (வாசகர், சென்னை)

ப: ஓட்டுவதற்குக் குரோஷிய அரசு ஏற்கும் உரிமமும், படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவைக் கையாளும் சான்றும் வேண்டும். எந்தெந்த நாட்டு உரிமம் செல்லும் என்ற பட்டியலை அவர்களுடைய கடல்துறை அமைச்சகம் வெளியிடுகிறது. அதில் இல்லாத தாளை நீட்டிப் பயனில்லை. ஒரு நாள் பயணத்துக்கு ஸ்கிப்பரோடு, அதாவது படகை ஓட்டும் ஆளோடு, எடுப்பதே புத்திசாலித்தனம். அந்த ஊர்க் காற்றும் துறையும் அவருக்குத் தெரியும், நீங்களும் வேடிக்கை பார்க்கலாம்.

விலையில் ஸ்கிப்பர் கூலி, டீசல், தீவில் படகைக் கட்டும் கட்டணம், பயணம் முடிந்தபின் படகைச் சுத்தம் செய்யும் கூலி நான்கும் சேர்ந்திருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ‘எல்லாம் சேர்த்து’ என்ற பதிலை ஏற்காதீர்கள். டீசல்தான் பெரும்பாலும் வெளியே நிற்கும். படகின் அனுமதித் தாளில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதோ அதுவே உச்சவரம்பு, கைக்குழந்தையும் ஓர் ஆள். 38 அடிப் படகில் அனுமதி பத்துப் பேருக்கு இருந்தாலும், ஆறு பேருக்கு மேல் போனால் பின்தளத்தில் காலை நீட்ட இடமிருக்காது. வானிலையால் ரத்தானால் வேறு நாளா, பணமா என்பதையும், அதை முடிவு செய்பவர் யார் என்பதையும் பாருங்கள். வானிலை பார்த்து ‘கிளம்ப வேண்டாம்’ என்று ஸ்கிப்பர் சொன்னால் பணம் திரும்ப வர வேண்டும். இது எழுத்தில் இல்லாத இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.

கே: எந்தக் காற்றுக்குப் பயப்பட வேண்டும்? (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: இரண்டு. யூகோ தென்கிழக்கிலிருந்து வரும். இரண்டு மூன்று நாட்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், மேகம் தாழும், புழுக்கமாக இருக்கும், அலை நீண்டு உயரும். முன்னறிவிப்போடு வருவதால் தப்பிக்கலாம். ஆனால் காற்று நின்ற மறுநாளும் அலை அடங்காது, அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். டுப்ரோவ்னிக் தனிக் குடியரசாக இருந்த காலத்தில் யூகோ வீசும் நாட்களில் முக்கியமான முடிவு எதையும் எடுக்க மாட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

பூரா அப்படியல்ல. வடகிழக்கு மலையிலிருந்து சரிந்து இறங்கும் குளிர்காற்று. வானம் பளிச்சென்று இருக்கும்போதே திடீர் திடீரென மோதும். மலை உச்சியில் தொப்பி போல மேகம் படிந்தால் அது அடையாளம். கோடையில் அரிது, மே, அக்டோபரில் வாய்ப்பு கூடும். இவை தவிர, மேற்கிலிருந்து வரும் கோடை இடிமழை அரை மணி நேரத்தில் கடலைப் புரட்டிவிட்டுப் போய்விடும்.

முன்னறிவிப்பில் காற்றின் வலிமையைக் காட்டும் போஃபோர்ட் எண்ணைப் பாருங்கள். 4 என்றால் 11 முதல் 16 நாட், குடும்பப் பயணத்துக்கு அதுவே போதும். 5 என்றால் 21 நாட் வரை, பழகியவர்களுக்கு. 6 என்றால் கரையில் இருங்கள். காற்று 15, 16 நாட்டைத் தாண்டும்போது நல்ல ஸ்கிப்பர் பெரும்பாயைக் குறுக்கிக் கட்டிவிடுவார். ‘பரவாயில்லை, தாங்கும்’ என்று முழுப் பாயோடு ஓட்டுபவரிடம் குறுக்கச் சொல்லத் தயங்காதீர்கள். பாயைச் சுருக்கினால் வேகம் பெரிதாகக் குறையாது, சாய்வுதான் குறையும்.

கே: படகு சாய்ந்தால் கவிழ்ந்துவிடாதா? (வாசகி, மதுரை)

ப: அடியில் தொங்கும் கனத்த கீல் அதற்குத்தான். 12 மீட்டர் படகில் சுமார் இரண்டு டன் இரும்போ ஈயமோ அங்கே இருக்கும். சாயச் சாய அது எதிர்ப்பக்கம் இழுக்கும்.

உண்மையான ஆபத்து பூம். பெரும்பாயின் அடியில் கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கட்டை அது. காற்று பின்னாலிருந்து வரும்போது, சுக்கான் கொஞ்சம் தவறினாலே பாய் மறுபக்கம் பாயும், பூம் ஒரே வீச்சில் தளத்தைக் கடக்கும். தலை உயரத்தில். அதனால்தான் திரும்பும் வழியில் அதை முன்பக்கம் ஒரு கயிற்றால் கட்டிவைக்கச் சொல்ல வேண்டும். பாய் விரித்திருக்கும்போது யாரும் அறைக்கூரை மேல் நின்று படம் எடுக்கக் கூடாது.

அடுத்தது வின்ச். பாய்க் கயிற்றைச் சுற்றி இறுக்கும் உருளை. துப்பட்டா, பின்னல், சேலைத் தலைப்பு எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. மோதிரத்தையும் வளையலையும் விடுதியிலேயே வைத்துவிடுங்கள். ஓடும் கயிறு மோதிரத்தில் மாட்டினால் விரல் போய்விடும். குழந்தைக்கான உயிர்காப்பு உடை அதன் எடைக்கு ஏற்றதா, கால்களுக்கிடையே வரும் பட்டை இருக்கிறதா என்று கரையிலேயே மாட்டிப் பாருங்கள். பட்டை இல்லாவிட்டால் நீரில் உடை மேலே போகும், குழந்தை கீழே போகும். அவசரத்துக்கு ரேடியோவில் 16ஆம் அலைவரிசை, தொலைபேசியில் 195.

கே: குளிக்க எங்கே நிறுத்தலாம்? (வாசகர், திருச்சி)

ப: லோபுத்தின் ஷூன் விரிகுடா. இந்தப் பாறைக் கரையில் அபூர்வமான மணல் கடற்கரை, தென்கிழக்கைப் பார்த்து இருப்பதால் மயெஸ்திரால் தீண்டாது. யூகோ வந்தால் மட்டும் அது அடைக்கலமாகாது. நங்கூரத்தை வெளிர் நிறமாகத் தெரியும் மணலில் போட வேண்டும். கருமையாகத் தெரிவது பொசிடோனியா கடற்புல். பாதுகாக்கப்பட்ட செடி, தவிர நங்கூரம் அதில் பிடிக்காமல் வழுக்கும். 6 மீட்டர் ஆழம் என்றால் படகின் முனை உயரம் ஒரு மீட்டர் சேர்த்து 7, அதைப் போல ஐந்து மடங்கு, 35 மீட்டர் சங்கிலி விட வேண்டும். பக்கத்துப் படகுகளுக்கு இடம் போதவில்லை என்று 15 மீட்டரோடு நிறுத்தினால், நீங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போதே படகு நகரத் தொடங்கும். ஏணியில் ஆள் இருக்கும்போது எஞ்சின் ஓடவே கூடாது. பாறைக் கரையில் ரப்பர் செருப்பு போடுங்கள், கடல் முள்ளெலியின் முள் காலில் உடைந்து தங்கிவிடும்.

கொலோச்செப்பின் வெளிப்பக்கம் உள்ள நீலக் குகைக்கு நீந்தித்தான் நுழைய வேண்டும். அலை கொஞ்சம் இருந்தாலும் வேண்டாம்.

கே: படகுக் கழிவறை பற்றி யாரும் சொல்வதில்லையே? (வாசகி, சேலம்)

ப: சொல்லத்தான் வேண்டும். பயணத்தைப் பாழாக்குவதில் முதலிடம் அதற்குத்தான். பக்கத்தில் ஒரு கைப்பம்பும் சின்ன நெம்புகோலும் இருக்கும். நெம்புகோலை நீர் பக்கம் தள்ளி 15, 20 தடவை அடித்துக் கழுவ வேண்டும். பிறகு உலர் பக்கம் தள்ளி, தொட்டி காலியாகும் வரை அடிக்க வேண்டும். நீர் பக்கமே விட்டு வந்தால் தொட்டியில் கடல்நீர் ஏறிக்கொண்டே இருக்கும். கழிவு போகும் வழியில் ரப்பர் வால்வு ஒன்று உண்டு, அதன் வாய் சிறியது. காகிதம், ஈரத் துடைப்பான், முடி எது போனாலும் அடைத்துவிடும். காகிதம் கூடைக்கு. கழுவத் தண்ணீர்ப் புட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

கே: சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது? (வாசகர், சிங்கப்பூர்)

ப: தீவு உணவகங்களில் பிளித்வா கேளுங்கள். கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டு, ஆலிவ் எண்ணெயில் வதக்கியது. கறுப்பு ரிசோட்டோ என்ற சோற்றில் கணவாய் மை. ‘ஷ்போர்கி மகருலி’ என்ற உள்ளூர் மக்ரோனியில் இறைச்சிக் குழம்பு. படகு ஓடும்போது அடுப்பு வேண்டாம். புளிசாதமோ எலுமிச்சைச் சாதமோ கட்டிக்கொண்டு போவதில் குறைவில்லை, தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும்.

குமட்டல் வருமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். கிளம்பிய பின் மாத்திரை போட்டால் வேலை செய்யாது. முந்தைய இரவோ, குறைந்தது ஒன்றிரண்டு மணி நேரம் முன்னரோ போட வேண்டும். அவோமின் போன்றவை தூக்கம் தரும், குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். கீழ் அறையில் போய்ப் படுப்பதும் கைபேசி பார்ப்பதும்தான் பாதிக் காரணம்.

கே: கடலிலிருந்து வரலாற்றுச் சின்னங்களாக எதைப் பார்க்கலாம்? (வாசகர், தஞ்சாவூர்)

ப: கோட்டைச் சுவர்தான். 1,940 மீட்டர் சுற்றளவு, சில இடங்களில் 25 மீட்டர் உயரம். திரும்பும்போது க்ரூஷைக் கடந்து லபாத் முனையைச் சுற்றி வந்தால் முதலில் 37 மீட்டர் பாறை மேல் லோவ்ரியெனாட்ஸ் கோட்டை. அதன் கடல் பக்கச் சுவர் 12 மீட்டர் வரை தடிமன், நகரைப் பார்த்த சுவர் 60 சென்டிமீட்டர்தான். உள்ளே இருக்கும் தளபதி நகருக்கு எதிராகத் திரும்பினால் உடைத்துவிடலாம் என்ற ஏற்பாடு. 1358 முதல் 1808 வரை நீடித்த குடியரசு யாரையும் முழுதாக நம்பவில்லை. அதைத் தாண்டிப் பழைய துறைமுகம், 15ஆம் நூற்றாண்டில் கட்டிய காஷே அலைதாங்கி. இரவில் அங்கிருந்து புனித யோவான் கோட்டை வரை சங்கிலி கட்டி வாயை மூடுவார்களாம். அங்கே வருகைப் படகுகளுக்கு நிறுத்த இடமில்லை, சுற்றிப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான்.

மாலை ஆறு மணி வாக்கில் மேற்கு வெயில் சுவரில் விழும். ஆனால் பல படகுகள் ஐந்து மணிக்கே அன்றைய பயணத்தை முடித்துக்கொள்ளும். சுவரைப் பார்க்க வேண்டுமென்றால் ஏழு மணி வரை படகு வேண்டும் என்று பேசிவையுங்கள், அல்லது ஷிபானை விட்டுவிடுங்கள். ஷிபானைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு சுஜுராஜில் ஸ்கோச்சிபுஹா குடும்பத்தின் 16ஆம் நூற்றாண்டு மாளிகையும் காவல் கோபுரமும் துறையிலேயே தெரியும். கப்பல் வணிகர்கள், கொள்ளையருக்குப் பயந்து வீட்டையே கோட்டையாகக் கட்டியவர்கள்.

ட்சவ்தாத் பக்கம் மூன்று குட்டித் தீவுகள்: மர்கான், போபாரா, சூபெதார். 1377இல் கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வந்தவர்களை மர்கானிலோ ட்சவ்தாத்திலோ 30 நாள் காத்திருக்கச் சொன்னார்கள். தனிமைப்படுத்தல் சட்டங்களில் மிகப் பழையது இது. அங்கே போக நினைப்பவர்கள் பாயை மறந்து, காலையில் எஞ்சினில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள்.

கே: விசா? (வாசகர், கொழும்பு)

ப: 2023 ஜனவரி முதல் குரோஷியா ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும், செலவு யூரோவில். கடவுச்சீட்டின் நகலைக் கையில் வைத்திருங்கள், படகில் ஏறுவோர் பட்டியலுக்குக் கேட்பார்கள்.