நீலகிரி மாவட்டத்தில், கூடலூர் பக்கம், மழை கொட்டும் தேவாலாவில் கோடையில் தண்ணீர் கஷ்டம் உண்டா? வாடகை வீடு பார்க்கிறேன், எதைக் கவனிக்க வேண்டும்?

உண்டு. வேலை மாற்றலாகி பிப்ரவரி, மார்ச்சில் வரப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன், ஜூலையில் வந்து பார்த்திருந்தால் இப்படிக் கேட்கவே தோன்றியிருக்காது. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் மழை அளவுச் செய்தியில் எங்கள் ஊர் பெயர் அடிக்கடி வரும், துணியை அடுப்புக்கு மேல் கட்டித்தான் காயவைப்போம். ஆனால் பெய்கிறதெல்லாம் சரிவில் இறங்கி, பாண்டியாறு, புன்னம்புழை என்று ஓடி, சாலியாற்றில் கலந்து கேரளா வழியாக அரபிக்கடலுக்குப் போய்விடும். முன்பு தண்ணீர் ஊறி நின்ற சதுப்பு வயல்களில் நிறைய இடம் இன்று தேயிலை. "இத்தனை மழையை வைத்துக்கொண்டு தண்ணி இல்லைங்கிறீங்களே" என்று கீழே கோயம்புத்தூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிடித்து வைக்க இடம் வேண்டாமா?

எங்கள் பக்கம் நிறைய வீடுகளுக்கு ஓஸ் தண்ணீர்தான். மேலே ஓடையில் ஒரு சின்னக் குழி, அதில் ஓஸின் வாய், அதற்கு வலைத்துணி, அங்கிருந்து எஸ்டேட் வழியாக வீட்டு டிரம் வரைக்கும் கறுப்பு ஓஸ். யானை மிதித்தால் நசுங்கும், பன்றி கிளறினால் ஜாயிண்ட் கழன்றுவிடும், சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டு வரவேண்டும். அது கூடப் பரவாயில்லை.

ஒரு கோடையில் டிரம்மில் அரிசி கழுவின மாதிரி வெள்ளையாகத் தண்ணீர் விழுந்தது. அடியில் படிந்ததைத் தொட்டால் நறநற என்று நைசான கல் பொடி. மேலே ஏறிப் பார்த்தால், தெரிந்த பையன்கள் நாலைந்து பேர் அரைத்த கல்லைத் தங்கத்துக்காக மரவை என்கிற மரத்தட்டில் போட்டு அலசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஊர்க் கதை தெரியும்தானே, 1880 வாக்கில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் லண்டனில் பங்கு விற்றுத் தங்கம் தோண்ட வந்து, சில வருடத்திலேயே கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டன. குழிகளும் சுரங்கங்களும் இங்கேயே கிடக்கின்றன. எஸ்டேட்டில் வேலை குறைந்தால் ஆட்கள் அதில் இறங்குவார்கள், மண் சரிந்து செத்தவர்களும் உண்டு. "அண்ணே, இன்னும் கொஞ்சம்தான், முடிச்சிடுறோம்" என்றான் ஒருத்தன். போலீசுக்குச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம்தான், மறுநாள் அவன் அம்மா முகத்தில் நீங்கள் விழிப்பீர்களா? ஓஸ் வாய்க்குக் கீழே இறங்கி அலசுங்கள் என்று பேசி முடித்தேன். தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் புழங்குகிற வேலை என்பதால் அன்று டிரம்மை மொத்தமாகக் கவிழ்த்தாயிற்று. பழைய சுரங்க வாயில் கோடையிலும் தண்ணீர் கசிகிறதே, அதைப் பிடிக்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். செடிக்கு ஊற்றுங்கள், குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். நான் நிபுணன் இல்லை, பரிசோதனை செய்து பார்த்துக் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும்.

கிணறு வெட்டவில்லையா என்றால், வெட்டினோம், தண்ணீரும் இருக்கிறது. கரண்டு இல்லை, அப்புறம் மோட்டார் எப்படி? ஜென்மிகள் என்ற பழைய நிலச் சொந்தக்காரர்களின் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளப் போட்ட 1969 ஜென்ம நிலச் சட்டம் என்று ஒன்று, அதில் தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றிய பிரிவு 17-இல் மாட்டின நிலம் எங்களுடையது. பட்டா கிடையாது, பட்டா இல்லாததால் இணைப்பு கிடையாது. விண்ணப்பத்தோடு ஆபீஸ் ஆபீஸாக நடந்த அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், இப்போது நான் நடக்கிறேன். போன தடவை பழைய நகலைத் தொலைத்துவிட்டு, "புதுசா எழுதிக் கொடுங்க" என்கிறார்கள். தேர்தலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பிரிவு 17 என்று சரியாகச் சொல்வார்கள், அந்த மட்டும் மனப்பாடம்.

சரி, உங்கள் விஷயம். வாடகை பேசுவதற்கு முன் அந்த வீட்டு ஓஸின் வாய் எங்கே இருக்கிறது என்று கேட்டு, ஏறிப் போய்ப் பாருங்கள். மேலே தோண்டின குழி இருக்கிறதா, ஒரே ஓடையில் எத்தனை ஓஸ் கிடக்கிறது என்று எண்ணுங்கள். ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்றாவது இல்லாத வீட்டை எடுக்காதீர்கள், வீட்டுக்காரர் "அண்ணாச்சி, இங்க தண்ணிக்குப் பஞ்சமே இல்ல" என்று எத்தனை தடவை சொன்னாலும் சரி.