பிரான்சின் போர் சலூ (Port Salut) சீஸை இன்றும் துறவிகள்தான் செய்கிறார்களா?

இல்லை. பெயர் மட்டும்தான் மடத்தினுடையது.

பிரெஞ்சுப் புரட்சியின்போது நாட்டைவிட்டு வெளியேறிய டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகள் 1815-ல் திரும்பிவந்து, மயேன் பகுதியின் அந்த்ராமில் குடியேறினார்கள். மடத்துக்கு வைத்த 'போர் து சலூ' என்ற பெயரின் பொருள் 'மீட்புத் துறைமுகம்'. சீஸின் பெயரும் அதிலிருந்துதான். அலைந்து திரிந்து கரை சேர்ந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது!

இறைச்சி உண்ணாத அவர்களுக்குப் பசும்பால் சீஸ் முக்கிய உணவு. மேல்தோலை உப்புநீரால் துடைத்துத் துடைத்துப் பதப்படுத்துவார்கள். 1873-ல் பாரிஸ் வியாபாரி ஒருவர் மூலம் தலைநகரில் விற்பனைக்கு வந்ததும் புகழ் பரவியது, போலிகளும் பெருகின.

1959-ல் துறவிகள் பெயருரிமையை ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். இப்போது வருவது ஆலைத் தயாரிப்பு: ஆரஞ்சுத் தோல், மென்மையான உள்பகுதி, காரமில்லாத வெண்ணெய்ச் சுவை. சீஸ் பழகாதவர்கள் தயங்காமல் இதிலிருந்தே தொடங்கலாம். சாப்பிடுவதற்குச் சற்று முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவையுங்கள். குளிர்ச்சியில் அந்த மெல்லிய மணம் அடங்கிவிடும்.