மரத்தொட்டி விஸ்கிக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

கேள்வி: அடுத்த மாதம் ஸ்காட்லாந்து போகிறேன். வாங்குவதற்கென்று ஒரே ஆலையில் மால்ட் பார்லியில் மட்டும் செய்த, ‘சிங்கிள் மால்ட்’ என்கிற விஸ்கியில் இரண்டைக் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டும் 12 வருடம், இரண்டிலும் ஆல்கஹால் 46 சதவீதம். ஒன்றின் அட்டையில் மட்டும் ‘பாரம்பரிய மரத்தொட்டியில் நொதித்தது’ என்று போட்டு 15 பவுண்டு அதிகம் கேட்கிறார்கள். தொட்டி மாறினால் ருசி அவ்வளவு மாறுமா சார்?

பதில்: மாறும். ஆனால் அந்த ஒரு வரியை நம்பி 15 பவுண்டு நான் கொடுக்க மாட்டேன்.

மால்ட் பார்லியை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, அரைத்து வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பு நீர் கிடைக்கும். அதில் ஈஸ்ட் போட்டுப் பொங்க விடுகிற தொட்டியைத்தான் சொல்கிறார்கள். ஆலைக்காரர்கள் ‘வாஷ்பேக்’ என்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று தீர்க்க இரண்டு நாள் போதும். அதற்குள் சுமார் 8 சதவீத ஆல்கஹாலோடு பீர் மாதிரி ஒன்று தயாராகிவிடும். அப்போதே காய்ச்சி வடித்தால் தானிய வாசனையும் வறுத்த கொட்டை வாசனையும் தூக்கலாக இருக்கும். இன்னும் ஒன்றிரண்டு நாள் விட்டுவைத்தால் லாக்டிக் பாக்டீரியா வேலையைத் தொடங்கும். நம் வீட்டில் தயிரைத் தோய்ப்பதும் இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் இந்த வகையறாதான். அந்தப் புளிப்பு ஏற ஏற, பிறகு பழ வாசனையாக நம் மூக்குக்கு வருகிற எஸ்டர்களும் கூடும்.

மரத்தின் பங்கு இங்கேதான். தயிருக்கென்றே பழகிய மண்சட்டியை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அதன் புளிப்பு முழுதாகப் போகாது, இல்லையா? மரத்தொட்டியும் அப்படித்தான். நீராவி விட்டுக் கழுவினாலும் மரத்தின் இண்டு இடுக்குகளில் கொஞ்சம் பாக்டீரியா தங்கி, அடுத்த தடவைக்கு உறை மாதிரி ஆகிறது. சூட்டையும் மரம் சீக்கிரம் விடாது. ஸ்டீல் தொட்டியோ கழுவினால் பளிச், செலவும் குறைவு.

சரி, அப்போது மரம்தானே உசத்தி? அவசரப்படாதீர்கள். மால்ட்டோடும் பாக்டீரியா வரும் என்பதால், நிறைய நேரம் விட்டால் ஸ்டீல் தொட்டியிலும் புளிக்கும். மரத்தொட்டியில் ஊற்றி 50 மணி நேரத்திலேயே இறக்கிவிட்டால் மரத்துக்கு வேலையே இல்லை. கேம்பல்டவுனில் ஸ்பிரிங்பேங்க் ஆலை லார்ச் மரத்தொட்டி வைத்திருக்கிறது. அங்கே 100 மணி நேரத்துக்கு மேலும் விடுவதுண்டு. அதில் அர்த்தம் இருக்கிறது. பழமும் பூவுமாக மணக்கிற கிளென்மாரஞ்சியோ ஸ்டீல் தொட்டிக்காரர்கள். ஐலே தீவின் தென்கரையில் ஒரே சாலையில் மூன்று ஆலைகள்: லாஃப்ராய்கில் ஸ்டீல், லகாவுலினில் லார்ச், ஆர்ட்பெக்கில் ஒரிகன் பைன். தொட்டியைப் பார்த்து இவற்றை யாரும் வாங்குவதில்லை. மூன்றிலும் முன்னால் வந்து நிற்பது புகை வாசனை. அது மால்ட்டை உலர்த்தும்போது எரிக்கிற பீட்டிலிருந்து, அதாவது சதுப்பு நிலத்தில் செடிகள் மக்கி உண்டான மண்ணிலிருந்து, வருவது.

அதனால் ‘எத்தனை மணி நேரம் நொதிக்க விடுகிறீர்கள்’ என்று கேளுங்கள். அட்டையில் அதைப் போடச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் ஆலையைச் சுற்றிக் காட்டுகிறவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். 55 என்றால் தொட்டிக் கதையை மறந்துவிடுங்கள். 80, 90 என்றால், உங்களுக்குப் பழ வாசனை பிடிக்குமானால், ஒரு சின்ன கிளாஸ் ருசித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அப்புறம் ஒன்று: தொட்டி மூடியைத் திறந்து ‘மோந்து பாருங்கள்’ என்பார்கள். தலையை உள்ளே விடாதீர்கள். கரியமில வாயு மூக்கில் சுருக்கென்று ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கையால் விசிறி இழுத்தால் போதும். முதல் நாள் தொட்டிக்கும் நாலாம் நாள் தொட்டிக்கும் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: மரத்தொட்டி என்றால் விஸ்கியில் மர வாசனை அதிகமாக இருக்குமா?

பதில்: இருக்காது. அந்த வாசனை ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடப்பதால் வருவது. ஸ்காட்ச் என்றால் குறைந்தது 3 வருடம் ஓக்கில் கிடந்தாக வேண்டும். தொட்டிக்கு பைனையும் லார்ச்சையும் எடுப்பது, நீளமாக, கணு குறைவாகப் பலகை கிடைக்கும் என்பதற்காக. ஜப்பானில் சிச்சிபு ஆலை தொட்டியையே மிசுநாரா ஓக்கில் செய்து வைத்திருக்கிறது. அந்த பாட்டில் விலையைக் கேட்டால் உங்கள் 15 பவுண்டு ஒன்றுமே இல்லை.