அப்பத்தாவின் கண்டாங்கி எனக்கு எடுக்குமா?

அன்புள்ள ஆச்சிக்கு,

வணக்கம். எனக்கு 28 வயது. ஐந்தடி உயரம், 74 கிலோ எடை. வயிறும் மேற்கைகளும் பருமன். வரும் தை மாதம் தம்பிக்குத் திருமணம், பள்ளத்தூரில் எங்கள் வளவு வீட்டில். அம்மா பெட்டியைத் திறந்து அப்பத்தாவின் அரக்குக் கண்டாங்கியை, அதாவது கட்டம் போட்ட செட்டிநாட்டுப் பருத்திப் புடவையை, எடுத்துக் கொடுத்தார்கள். ஆசையாகக் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். அத்தை பார்த்துவிட்டு, "குட்டையானவர்களுக்குக் கட்டமும் பெரிய கரையும் ஆகாது, இன்னும் உருண்டையாகத் தெரிகிறாய்" என்றார்கள். இணையத்தில் தேடினால் நான் 'ஆப்பிள் வடிவம்' என்றும், கறுப்பும் நெடுங்கோடும்தான் எனக்கு என்றும் சொல்கிறார்கள். புடவையை மடித்து மறுபடி பெட்டியில் வைத்துவிட்டேன். நான் என்னதான் கட்டுவது?

(பெயர் வேண்டாம்), சென்னை

அன்புள்ள ஆத்தா,

பெட்டியிலிருந்து அதை எடு. முதலில் அதைச் செய்துவிட்டு மேலே படி.

உன் அத்தை கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார்கள். அவர்களிடமும் யாரோ ஒருவர் அப்படிச் சொல்லியிருப்பார். எனக்கு 22 வயதில் ஒரு திருமண வீட்டில் அதே சொல் விழுந்தது. அதன்பின் பத்தாண்டுகள் நான் சாம்பலும் கருநீலமுமாகவே கட்டினேன். அந்தக் காலப் புகைப்படங்களில் எல்லாம் யாருடைய தோளுக்கோ பின்னால் நிற்கிறேன். அதனால் உன் கடிதத்தை வழக்கமான பொறுமையோடு என்னால் படிக்க முடியவில்லை.

ஆப்பிள், பேரிக்காய், மணற்கடிகை என்ற வகைப்பாட்டைப் பற்றி ஒன்று தெரிந்துகொள். அது தைத்த உடைக்காக உண்டானது. கவுனும் கால்சட்டையும் தைத்த அளவிலேயே நிற்கும். உடம்புதான் அவற்றுக்குள் போக வேண்டும். உடம்பு எந்த வகை என்ற கேள்வி அங்கே எழுவது இயல்பு. அங்கும்கூட எல்லாரும் ஏங்கும் வடிவம் எத்தனை பேருக்கு இருக்கிறது? வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 6,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களின் உடலளவுகளை ஆராய்ந்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். மணற்கடிகை வடிவம் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கே இருந்தது. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இடை ஒடுங்காத நேர்வடிவினர். புடவையோ ஒவ்வொரு முறையும் உடம்பின் மேல் புதிதாக உண்டாகும் உடை. எங்கே செருகுகிறோம், எங்கே மடிக்கிறோம், எவ்வளவு உயர்த்துகிறோம் என்பதெல்லாம் நம் கையில் இருக்கிறது.

கட்டமும் கோடும் பற்றிய பேச்சை விரைவில் முடித்துவிடலாம். குறுக்குக்கோடு பருமனாகக் காட்டும் என்பதை ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860-களிலேயே மறுத்துவிட்டார். ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில் ஒன்றைக் குறுக்குக்கோடுகளாலும் மற்றதை நெடுங்கோடுகளாலும் நிரப்பினால், குறுக்குக்கோட்டுச் சதுரம்தான் உயரமாகவும் ஒடுங்கியும் தெரியும். இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்சன் 2008-இல் பெண்களின் உருவப்படங்களை வைத்துச் சோதித்தபோதும், குறுக்குக்கோட்டு உடை பருமனைக் கூட்டவில்லை. கட்டத்தில் இரண்டு கோடும் இருக்கின்றன. நான் கட்டத்தின் அளவை மட்டும் பார்ப்பேன். உன் உள்ளங்கையைவிடச் சிறிய கட்டமானால் தயங்காதே. கறுப்பு சற்றுச் சுருக்கிக் காட்டும் என்பது உண்மை. ஆனால் அரக்கும் ஆழ்ந்த நிறம்தானே? கறுப்பு செய்வதில் பெரும்பகுதியை அதுவும் செய்யும்.

இனி நான் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பத்தா உன்னைவிடக் குள்ளம், உன்னைவிடப் பருமன். பட்டாசாலையிலிருந்து இரண்டாம் கட்டுக்கு அவர்கள் நடந்து போவதைச் சிறுமியாக நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். முன்புறம் சுவர் போல மட்டமாக இருக்கும். கொசுவம் முழுவதும் பின்னால். புடவை கணுக்காலுக்கு மேலே நிற்கும், தண்டை தெரியும். கண்டாங்கி அப்படிக் கட்டுவதற்காக நெய்த புடவை, ஆத்தா. கொசுவம் முதுகின் கீழே இயல்பாகவே இருக்கும் குழிவில் போய் உட்கார்ந்துகொள்ளும். வயிற்றின்மேல் ஒரு சுற்றுத் துணிதான் படியும்.

இப்போது நீ கட்டுவதைக் கணக்குப் பார். முன்னால் ஆறு மடிப்பு. மடிப்புக்கு இரண்டு அடுக்கு என்றால் பன்னிரண்டு அடுக்குத் துணி. அதன் கீழே முதல் சுற்று, அதன் கீழே பாவாடையின் சுருக்கம், நாடா முடிச்சு. எல்லாவற்றையும் கொப்பூழுக்கு நேரே, உடம்பில் மிகவும் முன்தள்ளிய இடத்தில், ஒரே பிடியாகச் செருகுகிறாய். அத்தை பார்த்த 'உருண்டை'யில் பாதி அந்தத் துணிப் பொதி.

அப்பத்தாவின் புடவையை அளந்து பார். எட்டு, ஒன்பது கெஜம் இருந்தால் உன் குடும்பத்தில் பின்கொசுவம் கட்டத் தெரிந்த ஆச்சி ஒருவரைத் தேடிப் பிடித்துக் கட்டிவிடச் சொல். அதைவிட அழகான விடை என்னிடம் இல்லை. இன்றைய ஐந்தரை மீட்டர் அளவானால் பின்கொசுவம் என் கையில் சரியாக வந்ததில்லை, முன்கொசுவமே கட்டு. ஆனால் ஐந்து மடிப்பு போதும், ஒவ்வொன்றும் ஆறு விரல் அகலம். மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், சீட்டுக்கட்டை விரிப்பது போல இடப்பக்கமாகச் சற்று விரித்துச் செருகு. பாவாடை ஆறு துண்டு வைத்துத் தைத்ததாக, இடுப்பில் சுருக்கம் இல்லாததாக இருக்கட்டும். நாடா முடிச்சைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய்விடு.

கரை விஷயத்தில் அத்தை சொன்னதில் நியாயம் இருக்கிறது. பத்து விரற்கிடைக் கரை ஐந்தடிப் பெண்ணின் இடுப்புக்குக் கீழே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயரத்தை எடுத்துக்கொள்ளும். கண் அங்கே போய் நின்றுவிடும். அதற்காகப் புடவையை ஒதுக்க வேண்டாம், அந்தக் கண்ணை மேலே கூட்டிக்கொண்டு வா. முந்தானையை ஒற்றையாக விடாமல் நான்கு விரல் அகல மடிப்பாகத் தோளில் குத்து. அப்போது மேல்கரை தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே நெடிய கோடாக இறங்கும். பின்னால் முந்தானை முழங்காலைத் தொடட்டும். குள்ளமானவர்கள் முந்தானையைக் குட்டையாக விடுவதை எங்கும் பார்க்கிறேன், அது உயரத்தை இன்னும் வெட்டிவிடுகிறது.

இவ்வளவு சொன்னாலும் புடவை உடுப்பில் தைத்த பகுதி ரவிக்கை ஒன்றுதான். உன் பணமும் நேரமும் அங்கே போகட்டும். பழைய அளவு ரவிக்கையைத் தையல்காரரிடம் கொடுத்து "இது போல" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதே. அதில் உள்ள பிழை எல்லாம் புதியதிலும் வரும். நின்று, டேப் வைத்து அளவெடுக்கச் சொல். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் முடிய வேண்டும். இரண்டு விரல் கீழே இறங்கினால்கூட மேற்கை தடித்துத் தெரியும். கைக்குழி இறுகினால் அக்குளருகே சதை பிதுங்கும். அது பருமனால் வருவதில்லை, வெட்டின் பிழை. கை நீளத்தை மேற்கையின் பருத்த இடத்தில் நிறுத்தாமல் முழங்கைக்கு ஒரு விரல் மேலே கொண்டுவா. கை எங்கே முடிகிறதோ அந்த இடத்தைத்தான் பார்ப்பவர் பார்ப்பார். முதுகுக் கழுத்து ஆழமாக வேண்டாம், ஓரங்கள் சதையை அழுத்தும். நிறம், கரையின் மஞ்சளில் எடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. உனக்கு நான் புடவை உடலின் அரக்கையே சொல்வேன். மேலுடம்பும் கீழுடம்பும் ஒரே நிறத்தில் தொடர்ந்தால் உருவம் நீளும். உள்தையலில் இரண்டு விரல் துணி விடச் சொல். தை மாதத்துக்குள் நீ மெலியலாம், பருக்கலாம், எதுவும் நடக்கலாம். ரவிக்கை உன்னோடு வரட்டும்.

துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியில் வெகுநாள் இருந்த பருத்தி மடிப்புகளில் நைந்திருக்கும். வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, மடிப்பு விழுந்த இடங்களை மெல்ல இழுத்துப் பார். இழை விலகினால் அதை ஒரு நாள் முழுக்கக் கட்டி நடக்க வேண்டாம், அப்பத்தாவின் நினைவாகப் பத்திரமாக இருக்கட்டும். காரைக்குடித் தறியில் புதிதாக ஒன்று வாங்கு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற புடவை அது. கடையில் நூல் எண்ணைக் கேள். எண் கூடக்கூட நூல் மெல்லியது. 40-ஆம் எண் நூல் விறைப்பாக உடம்பை விட்டு விலகி நிற்கும். உனக்கு 80-ஆம் எண் நூல் கேள், தழைந்து இறங்கும். கட்டுவதற்கு முன் இரண்டு முறை நனைத்து உலர்த்து. கஞ்சி மிகவும் நீர்த்ததாகப் போடு. மொடமொடப்பாகக் கஞ்சி போட்ட புடவையில் மெலிந்தவர்களே பருத்துத் தெரிவார்கள்.

திருமணத்துக்கு ஒரு வாரம் முன் முழுவதும் கட்டிக்கொண்டு ஒத்திகை பார். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நட, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்திரு, குனிந்து பந்தியில் பரிமாறுவது போலச் செய். கரை தரையிலிருந்து இரண்டு விரல் மேலே நிற்கட்டும். உங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல் பாவியிருந்தால், கல்யாணத்துக்கென்று தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்திருப்பார்கள். புடவை காலில் தட்டினால் வழுக்கிவிடும்.

அன்புடன்,
ஆச்சி